விதைக்கு அவசரப்படாத செடிகள்

பாத்தி நிறையப் பூ வேண்டும் என்றால் பலரும் செய்வது ஒன்றுதான். பருவம் தொடங்கும்போது குழித்தட்டுக் கணக்கில் பெட்டூனியாவோ செண்டுமல்லியோ வாங்கி நடுவார்கள். இரண்டு மூன்று மாதம் பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும். அப்புறம் காய்ந்ததையெல்லாம் பிடுங்கி, மண்ணைக் கொத்தி, உரம் போட்டு, அடுத்த தட்டுக்குக் கிளம்ப வேண்டும். இதில் என்னைச் சலிக்க வைப்பது செலவு கூட இல்லை, அந்தப் பிடுங்கல்தான். ஒவ்வொரு முறை மண்ணைப் புரட்டும்போதும் அடியில் கிடந்த களை விதைகள் வெளிச்சத்தைப் பார்த்துவிடுகின்றன. பூச்செடி வேர் பிடிப்பதற்குள் களை முந்திக்கொள்கிறது. களை எடுப்பதற்காகக் கொத்தினால் இன்னும் களை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஒரே உயரப் பூக்களை நெருக்கமாக நட்டுக் கோலமாக்கும் கம்பளப் பாத்திகள் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில்தான் பெருகின. 1845இல் அங்கே கண்ணாடி மீதிருந்த வரி நீங்கியது, கண்ணாடிக் கூடங்கள் கட்டுவது எளிதாயிற்று. வெப்ப நாடுகளிலிருந்து கொண்டுவந்த செடிகளைக் குளிர்காலம் முழுக்கக் கூடத்துக்குள் காப்பாற்றி, கோடை வந்ததும் ஆயிரக்கணக்கில் வெளியே நட்டார்கள். மாளிகைகளில் அதற்கென்றே தோட்டக்காரர்களின் பெரும்படை இருந்தது. 1870 வாக்கில் வில்லியம் ராபின்சன் என்ற தோட்டக் கலைஞர் இந்தப் பாணியைக் கடுமையாகச் சாடி, ஒருமுறை நட்டால் ஆண்டாண்டாக நிலைக்கும் செடிகளுக்குத் திரும்பச் சொன்னார். அந்தப் பெரும்படை போய்விட்டது. பாத்தி மட்டும் நம் தலையில் தங்கிவிட்டது.

சரி, பல்லாண்டுச் செடிகளுக்கு மாறலாம் என்று முடிவெடுத்து நர்சரிக்குப் போனால், ‘நீண்ட நாள் பூக்கும், பராமரிப்பு குறைவு’ என்று பாதிச் செடிகளின் லேபிளில் எழுதியிருக்கிறது. அதை நான் அப்படியே நம்புவதில்லை. என் கேள்வி ஒன்றுதான்: இந்தச் செடி ஏன் நிறுத்தாமல் பூக்கிறது? அதற்கு ஒரு காரணம் சொல்ல முடிந்தால் வாங்குவேன். காரணம் புலப்படவில்லை என்றால், பெரும்பாலும் அது நர்சரியில் பூத்திருக்கும் நாளில் நாம் போய் நின்றிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஏனென்றால் இயல்பில் பல்லாண்டுச் செடிக்கு நீண்ட நாள் பூக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓராண்டுச் செடியின் கதை வேறு. அது கையிருப்பு முழுவதையும் பூவாக்கி, விதையாக்கிவிட்டுச் சாகிறது. நாளைக்கென்று வேரில் சேமிக்க அதற்குத் தேவையில்லை. பல்லாண்டுச் செடி அடுத்த ஆண்டும் முளைக்க வேண்டும், அதற்குக் கிழங்கிலோ வேரிலோ சேமிக்க வேண்டும். அதனால்தான் பியோனி, ஐரிஸ் போன்ற பேர்போன பூக்களெல்லாம் இரண்டு மூன்று வாரம் கண்ணைப் பறித்துவிட்டு, மிச்சப் பருவம் முழுக்க வெறும் இலையாக நிற்கின்றன. மாதக்கணக்கில் பூக்கும் பல்லாண்டுச் செடி ஒரு விதிவிலக்கு.

அந்த விதிவிலக்குக்கு முதல் காரணம், விதை பிடிக்காமை. வாடிய பூவை நாம் கிள்ளிவிடுவதும் இதற்காகத்தான். காய்க்குள் விதை முற்றத் தொடங்கினால் ‘வந்த வேலை முடிந்தது’ என்ற செய்தி செடிக்குள் போய், புது மொட்டு குறைகிறது. ஆய்வகங்களில் அராபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றை வைத்து இதைத் தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள். காய்களை நீக்கிக்கொண்டே இருந்தாலும் சரி, விதையே பிடிக்காத வகையாக இருந்தாலும் சரி, அது வழக்கத்தைவிட அதிக நாள் பூத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் பிறவியிலேயே மலடாக இருக்கும் செடிக்கு நாம் பூக் கிள்ள வேண்டிய வேலையே இல்லை.

குளிர்நாட்டுத் தோட்டங்களில் கொடிகட்டிப் பறக்கும் ‘ரோசேன்’ ஜெரேனியம் இதற்கு நல்ல உதாரணம். இங்கிலாந்தின் சோமர்செட்டில் டொனால்ட், ரோசேன் வாட்டரர் தம்பதியின் தோட்டத்தில் 1989இல் கண்டெடுத்த செடி இது. இரண்டு இமாலய ஜெரேனிய இனங்களின் கலப்பு, அதனால் மலடு. கோடைத் தொடக்கத்திலிருந்து உறைபனி விழும் வரை நடுவில் வெள்ளை மின்ன நீலப்பூ பூத்தபடியே இருக்கும். 2000இல் விற்பனைக்கு வந்து, 2013இல் லண்டனின் செல்சி மலர்க் கண்காட்சி தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது அதன் சிறப்புச் செடியாகத் தேர்வானது. பூனை வந்து புரளும் நெபெட்டாவிலும் ‘ஃபாசெனி’ என்ற கலப்பு வகை இப்படித்தான்: விதை கிடையாது, முதல் சுற்று முடிந்ததும் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டால் சில வாரங்களில் மறுபடி பூக்கும், தேனீயும் வரும்.

வெப்பமான இடங்களில் கனகாம்பரத்தைப் பாருங்கள். சாதாரண ஆரஞ்சு வகையில் கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பூ ஏறிக்கொண்டே போகும், கீழே காய் முற்றிக்கொண்டே வரும். காய்ந்த கதிரில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், காய்கள் சடசடவென்று வெடித்து விதை எங்கெங்கோ தெறிக்கும். கதிர் முடிந்ததும் நறுக்கிவிட்டால்தான் பக்கத்தில் புதுக் கதிர் வேகமாக வரும். டெல்லி கனகாம்பரத்தில் இந்த வெடி விளையாட்டு இல்லை. அது மும்மடியத் தாவரம், அதாவது குரோமோசோம் தொகுதி மூன்று. விதை பிடிக்காது, குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும். பூ பெரிது, செடிக்குக் காய் சுமக்கும் வேலை மிச்சம். தோட்டச் செம்பருத்தி வகைகளிலும் பெரும்பாலானவை காய் பிடிப்பதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் மலட்டுத்தன்மையால் விளக்கிவிட முடியாது. நித்தியகல்யாணி ஏராளமாக விதை போடுகிறது, சிமெண்டு விரிசலில் கூட முளைக்கிறது, ஆனாலும் பூப்பதை நிறுத்துவதில்லை. இங்கேதான் நான் எல்லோரையும் கொஞ்சம் குனிந்து பார்க்கச் சொல்வேன். அதன் பூ தண்டின் உச்சியில் முடிவாக உட்கார்ந்திருப்பதில்லை. இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடத்தில் இருக்கிறது. தண்டு மேலே வளர்ந்து, ஒரு ஜோடி இலை விட்டு, அந்தக் கக்கத்தில் மொட்டு வைத்து, மறுபடி வளர்ந்து, மறுபடி மொட்டு வைக்கிறது. வளர்கிற வரை பூக்கிறது. செம்பருத்தியும் அப்படியே. ஒரு பூ ஒரே நாளில் சுருண்டு விழுந்துவிடும், அதற்கு மேல் இருக்கும் கணுவில் நாளைய மொட்டு தயாராக இருக்கும். கிளாடியோலஸ் தண்டைப் பாருங்கள்: உச்சி மொட்டு மலர்ந்ததும் அந்தத் தண்டின் ஆயுள் முடிந்தது, அதற்கு மேல் வளர இடமே இல்லை. நர்சரியில் நிற்கும்போது பூ எந்த நிறம் என்று பார்ப்பதற்கு முன்னால், பூ தண்டின் எந்த இடத்தில் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் புதுத் துளிர் வருகிறதா என்று பார்த்தால், லேபிள் சொல்லாததை அது சொல்லிவிடும்.

ப்ளம்பாகோ, பெண்டாஸ் போன்றவை இதற்கு நடுத்தரம். பூங்கொத்து கிளையின் நுனியில்தான் வரும், ஆனால் அதற்குக் கீழேயே பக்கக் கிளைகள் தொடர்ந்து பிறந்து அவற்றின் நுனியிலும் கொத்து வைக்கும். இவற்றுக்குப் புதுக்கிளை என்றால் பூ என்று அர்த்தம். அதனால் கவாத்து செய்யப் பயப்படவே கூடாது. ஒரு சின்ன எச்சரிக்கை: ப்ளம்பாகோவின் புல்லி இதழ்களில், அதாவது பூவின் அடியைச் சுற்றியிருக்கும் வெளி இதழ்களில், பசை சுரக்கும் ரோமங்கள் இருக்கின்றன. நடைபாதையை ஒட்டி நட்டால், உரசிக்கொண்டு போகிற ஒவ்வொருவர் உடையிலும் வாடிய பூ ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். ஓரடி உள்ளே தள்ளி நடுங்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நாம் பூ என்று நினைப்பது பூவே இல்லாதபோது. காகிதப்பூவின் நிறம் இதழ் அல்ல, பூவைச் சுற்றிய சிறப்பு இலைகள். நடுவில் குச்சி போல வெள்ளையாக நிற்பதுதான் பூ. ஹெலிகோனியா, முள் படர்ந்த யூபோர்பியா மிலி எல்லாம் இதே கூட்டம். இலை என்பதால் இதழைவிட அதிக நாள் வாடாமல் நிற்கிறது. ஹைட்ரேஞ்சியாவின் பெரிய உருண்டையிலும் நிறம் காட்டுபவை புல்லி இதழ்களே.

அடுக்குப்பூ வகைகளும் நாள்படப் பூக்கும். மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறிவிட்டதால் அங்கேயும் விதைக்கு வழி அடைபடுகிறது. ஆனால் தேனீக்கு அங்கே அனேகமாக ஒன்றும் கிடைக்காது. பூச்சிகளே வராத பூப்பாத்தி எனக்கு உப்புச்சப்பில்லாமல் தோன்றும், அதனால் அடுக்கு வகைகளைக் குறைவாகத்தான் சொல்வேன்.

நாள் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடிகளைத் தனியாக ஒதுக்கிவிடலாம். சாமந்தி பல்லாண்டுச் செடிதான். ஆனால் இரவு நீண்டால்தான் பூக்கும், பக்கத்தில் தெருவிளக்கு எரிந்தால் குழம்பிவிடும். அதன் அழகு ஒரு பருவத்துக்கு. நாம் தேடும் வேலைக்கு அது ஆள் இல்லை.

இந்த நீண்ட பூப்புக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை லேபிள் சொல்லவே சொல்லாது. கெய்லார்டியா, கவுரா, ‘பவுல்ஸ் மாவ்’ என்ற ஊதா எரிசிமம் போன்றவை பூத்துப் பூத்தே தேய்ந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் போய்விடுகின்றன. சேமிக்காமல் செலவழித்தால் வேறென்ன நடக்கும். பல்லாண்டு என்ற சொல்லை நம்பி வாங்கியவர்களுக்கு இது ஏமாற்றம். கெய்லார்டியாவைப் பருவக் கடைசியில் பூ இருக்கும்போதே மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டிவிட்டால், அடுத்த பருவத்துக்குத் தேவையான அடித்துளிர்களை வைத்துக்கொள்ளும். எரிசிமத்துக்கும் பெண்டாஸுக்கும் ஆண்டுதோறும் நாலைந்து குச்சி நட்டுவைப்பது நல்லது. தாய்ச்செடி கட்டையாகிச் சளைக்கும்போது வாரிசு தயாராக இருக்கும். எதிர்ப்பக்கம், வெட்சி மெதுவாக வளரும், சுற்றுச் சுற்றாகத்தான் பூக்கும், ஆனால் ஒரு கொத்திலிருக்கும் சின்னஞ்சிறு குழல்கள் வாரக்கணக்கில் விரிந்துகொண்டிருக்கும், செடியும் பல ஆண்டுகள் உழைக்கும். ஓயாமல் பூப்பதும் நெடுநாள் வாழ்வதும் ஒரே செடியில் கூடிவருவது அபூர்வம். இரண்டு வகையையும் கலந்து நடுவதுதான் என் வழி.

வெட்சியைச் சொன்னதால் ஒன்று. புளிப்பான மண் அதற்குப் பிடிக்கும். புதிதாகப் பூசிய சுவரை ஒட்டி நட்டால் சுண்ணாம்பு கசிந்து மண் காரமாகும், செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றது மஞ்சளாக மாறும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் கொட்டுவார்கள். இடத்தை மாற்றினாலே பாதி சரியாகும்.

இடம் என்றதும் தட்பவெப்பம். அமெரிக்க வேளாண் துறையின் குளிர்தாங்கு மண்டல எண்ணை உலகம் முழுக்க லேபிளில் போடுகிறார்கள். மொத்தம் 13 மண்டலம். அது ஓர் இடத்தின் ஆண்டுக் கடுங்குளிரின் சராசரியை மட்டும் வைத்துப் போட்ட எண். வெயிலைப் பற்றியோ, ஈரக் காற்றைப் பற்றியோ அது ஒன்றுமே சொல்லாது. லாவெண்டர் கடுங்குளிரைத் தாங்கிவிடும், வெப்பமும் ஈரமும் சேர்ந்த இரவுகளில் அழுகிப் போகும். ரோசேன் ஜெரேனியம் வெப்பமண்டலச் சமவெளிக்கு ஆகாது. குளிர்நாட்டிலும் பல செடிகளைக் கொல்வது குளிர் அல்ல, குளிர்கால ஈரம். வடிகால் இல்லாத களிமண்ணில் கவுரா நிலைக்காது. மறுபக்கம், பனி விழும் ஊர்களில் ஓராண்டுச் செடி என்று விற்கிற பெட்டூனியா, பெகோனியா, இம்பேஷன்ஸ், ஏன், நித்தியகல்யாணி கூட, உண்மையில் பல்லாண்டுச் செடிகள். அவற்றைக் கொல்வது பனிதான். பனி இல்லாத இடத்தில் இருப்பவர் அவற்றில் சிலதைப் பிடுங்காமல் வெட்டிவிட்டுப் பார்க்கலாம், நித்தியகல்யாணி நிச்சயம் ஏமாற்றாது. பெட்டூனியா வெயில் காலத்தில் சோர்ந்துவிடும்.

இம்பேஷன்ஸ் பற்றி ஒரு பழைய பாடம் உண்டு. நிழலான பாத்தி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் நடுவார்கள். 2011, 2012 வாக்கில் அடிச்சாம்பல் நோய் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெருவாரியாகப் பரவி, இலையெல்லாம் உதிர்ந்து வெறும் தண்டாக நிறுத்திவிட்டது. நோயின் வித்துகள் மண்ணிலேயே தங்கிவிடக்கூடியவை என்பதால் அடுத்த ஆண்டு அதே பாத்தியில் நட்டாலும் அதே கதி. நிறையப் பேர் பல்லாண்டுச் செடிகள் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். திரும்பியவர்களில் சிலர் உடனே பாத்தி முழுக்க ஒரே பல்லாண்டுச் செடியை நட்டார்கள். ‘ஸ்டெல்லா டி ஓரோ’ என்ற மஞ்சள் பகல் அல்லி அப்படித்தான் வாகன நிறுத்தங்கள்தோறும் வந்து சேர்ந்தது. 1975இல் அறிமுகமான, உண்மையிலேயே திரும்பத் திரும்பப் பூக்கும் நல்ல வகைதான். ஆனால் எங்கே திரும்பினாலும் அதே மஞ்சளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. வீட்டில் பூனை இருந்தால் பகல் அல்லியே வேண்டாம், பூனையின் சிறுநீரகத்துக்கு அது விஷம்.

‘தானாக வளரும், எப்போதும் பூக்கும், எந்த மண்ணிலும் வரும், பூச்சி அண்டாது’ என்ற வர்ணனையை இன்னொரு முறை படியுங்கள். அது களையின் வர்ணனையும்தான். உண்ணிச்செடி பூந்தோட்டத்துக்கென்று கப்பலேறி வந்து காடுகளை மூடிய செடி. மஞ்சள் பூவோடு தரையில் படரும் வெடேலியாவும் அதுவும் உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கின்றன. மலட்டு வகை என்று சொல்லி விற்றாலும் சும்மா நம்பிவிட முடியாது. வட அமெரிக்காவின் ஈரநிலங்களைப் பிடித்த ஊதா லூஸ்ஸ்டிரைஃபின் தோட்ட வகைகளை மலடு என்று சொல்லித்தான் விற்றார்கள். தனியாக இருக்கும்வரை விதை இல்லை. பக்கத்தில் காட்டு வகை இருந்தபோது அதன் மகரந்தத்தால் தாராளமாக விதை பிடித்தது. அதனால் பறவை தின்னும் பழமோ, காற்றில் போகும் விதையோ, ஓடையோரம் வேர்விடும் தண்டோ உள்ள செடியாக இருந்தால், உங்கள் பகுதியின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலைப் பார்க்காமல் நடவேண்டாம்.

இனி ‘பராமரிப்பு குறைவு’. நியூயார்க்கில் 2009இல் திறந்த ஹை லைன் பூங்காவில், நெதர்லாந்துத் தோட்ட வடிவமைப்பாளர் பீட் ஓடால்ஃப் வடிவமைத்த பல்லாண்டுச் செடிகள் குளிர்காலம் முழுக்கக் காய்ந்த தண்டோடும் விதைத்தலையோடும் அப்படியே நிற்கும். வசந்தம் தொடங்கும்போது ஆட்கள் சேர்ந்து மொத்தமாக வெட்டுவார்கள். தினம் ஒரு வேலை என்பது போய், ஆண்டுக்கு ஒரு பெரிய வேலை என்று ஆகிறது. வீட்டுத் தோட்டத்திலும் அதே கணக்குத்தான். முதல் ஆண்டு தண்ணீர் தவறவே கூடாது. வேர் ஆழம் பார்க்கும் ஆண்டு அது. மேலோட்டமாகத் தினமும் தெளிக்காமல், நாள் விட்டு ஆழமாக ஊற்றினால் வேரும் ஆழமாகப் போகும். ஐந்து செ.மீ. கனத்துக்கு மூடாக்கு, தண்டைத் தொடாமல். ஓராண்டுச் செடிகளுக்குக் கொடுத்துப் பழகிய கை இங்கே உரத்தை அள்ளிப் போடக் கூடாது. தழைச்சத்து கூடினால் கவுராவும் கெய்லார்டியாவும் கொழுத்துச் சாய்ந்து, இலையாக மட்டும் நிற்கும்.

வாடிய பூவைத் தானே உதிர்த்துவிடும் செடியா என்பதையும் கவனிக்க வேண்டும். பூப்பது எவ்வளவு முக்கியமோ, வாடுவது எப்படி என்பதும் அவ்வளவு முக்கியம். நித்தியகல்யாணி, செம்பருத்தி, ரோசேன் எல்லாம் உதிர்த்துவிடும். சில வெள்ளைப்பூ வகைகள் பழுப்பேறிய பூவைப் பிடித்துக்கொண்டே நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் செடியே கருகியது போல இருக்கும். அதே இனத்தின் சிவப்பிலோ நீலத்திலோ அது அவ்வளவாகத் தெரியாது.

இடைவெளி விட்டு நட்ட முதல் ஆண்டில் பாத்தி பாதி காலியாகத்தான் தெரியும். ரோசேன் மாதிரி ஒரு செடி இரண்டு மூன்றடி படரும் என்றால் அந்த இடத்தை இப்போதே விட்டுவைக்க வேண்டும். நெருக்கி நட்டால் மூன்றாம் ஆண்டு பாதியைப் பிடுங்க வேண்டிவரும். அந்த வெற்றிடங்களில் ஜினியாவையோ காஸ்மோஸையோ தூவிவிடுவதில் எந்தக் கொள்கைக் குற்றமும் இல்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவதைவிட, ஒரு பாத்தியில் மூன்று வகை, அவற்றில் ஒன்று ஓயாமல் பூப்பது, ஒன்று நிலைத்து நிற்பது, ஒன்று இலைக்காகவே அழகானது என்று தொடங்கினால் கை மீறாது.

நர்சரியில் பூத்துக் குலுங்கும் தொட்டியை விட, அடியில் நிறையத் துளிர் விட்டு, இரண்டு மூன்று மொட்டு மட்டும் வைத்திருக்கும் செடியை எடுங்கள். முடிந்தால் தொட்டியிலிருந்து லேசாக உருவிப் பாருங்கள், வேர் தொட்டிச் சுவரோடு சுற்றிச் சுற்றி இறுகியிருந்தால் வேண்டாம். அதைவிட நல்ல சோதனை காசில்லாதது: பருவம் முடிந்த, யாரும் பூ எதிர்பார்க்காத ஒரு வாரத்தில் பொதுப் பூங்காவையும் சாலை நடுத்திட்டையும் ஒரு சுற்றுச் சுற்றி, கவனிப்பாரில்லாமலும் எது பூத்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பூவும் இலையும் கணுவும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு நர்சரியில் காட்டினால் போதும்.